வெறும் வீட்டின் சத்தம்

ஏழு மணித்தியாலம் நாற்பது நிமிடம். ஒலிப்பதிவுக்காகக் காலை ஒன்பது ஐந்துக்கு மாட்டிய ஹெட்போனை ஜுமானா இரண்டே தடவைதான் கழற்றினாள். ஒன்று சாப்பாட்டுக்கு, ஒன்று லுஹர் தொழுகைக்கு. காது மடல்கள் அவிந்துபோயிருந்தன.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. மூன்றாம் மாடி வீடு. மனநோயில் விழுந்த ஓர் இளைஞனைப் பற்றிய குறும்படம். திங்கட்கிழமை வகுப்பில் கொடுக்காவிட்டால் நான்கு பேருக்கும் சான்றிதழ் இல்லை.

கதையைக் கேட்டதும் ஐந்து வீட்டார் கையை விரித்தார்கள். இந்த வீட்டு றஞ்சிதம் அன்ரி மட்டும், இதைப் பற்றித்தான் படமோ என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, ஐந்து மணிவரை எடுக்கலாம் என்றார். பின்னறையில் சாமான் அடுக்கியிருக்கிறது, அதை மட்டும் திறக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

நிக்கலஸ்தான் அந்த இளைஞன். பின்னறையை ஒட்டிய ஹோல் சுவரில் முதுகை மோதி மோதி அவன் கத்தவேண்டும்.

இயக்குநர் றேமண்டுக்கு, கொட்டாஞ்சேனைச் சந்தையில் ஒரு முனையில் கூப்பிட்டால் மறுமுனையில் கேட்கும் தொண்டை.

"பத்தாது மச்சான், இன்னும் பைத்தியமா செய்டா! வெள்ளவத்தை முழுக்கக் கேக்கணும்!"

நிக்கலஸ் தலையைக் கலைத்துக்கொண்டு கத்தினான். சிரித்தான். சுவரை உதைத்தான். ஒரு தடவை கோட்டைக்குப் போகும் ரயில் வந்து கெடுத்தது. இன்னொரு தடவை லைட் பிடித்தவனுக்குச் சிரிப்பு வந்து, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பதினான்காவது தடவைதான் றேமண்ட் சரி என்றான்.

ஒவ்வொரு தடவைக்கும் பிறகு அன்ரி குசினி வாசலில் வந்து நின்று, "முடிஞ்சுதோ பிள்ளை?" என்று மெல்லக் கேட்டார். பாவம், களைத்துவிட்டார் என்று ஜுமானா நினைத்தாள். களைக்காதவர் யார் இருந்தார்கள் அங்கே?

இப்போது நாலே முக்கால். அவளுடைய வேலை ஒன்றுதான் பாக்கி.

எடுத்து முடித்த வீட்டின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதியவேண்டும். யாரும் பேசாத, அசையாத ஒரு நிமிடம். அதை அடியில் விரித்துத்தான் வெட்டிய காட்சிகளை ஒட்டுவார்கள். அது இல்லாவிட்டால் இன்றைய பாடெல்லாம் வீண்.

எல்லோரையும் சும்மா இருக்கச் சொல்வது அவள் பொறுப்பு. அதற்குத்தான் அவளுக்கு வாய் வராது. கையை உயர்த்தினாள். பிரிட்ஜை நிறுத்தினாள். ஹோல் ஃபேனையும் நிறுத்தினாள்.

ஹெட்போனில் கடல் வந்தது. அதற்குக் கீழே, டக், டக் என்று இன்னொரு ஃபேன்.

மறுபடி பதிந்தாள். மறுபடியும் டக், டக். மைக்கை மெல்லத் திருப்பிப் பார்த்தாள்.

பின்னறை.

மறந்துபோய்ப் போட்டுவிட்டிருப்பார்கள். அடுத்த ரயிலுக்கு ஆறு நிமிடம்தான் இருந்தது.

"அன்ரி, அந்த ரூம் ஃபேன ஒரு நிமிஷம் நிப்பாட்ட ஏலுமா?"

அன்ரி தலையசைத்தார். முடியாது.

"சாமான் ரூம்தானே அன்ரி, நீங்க இருங்க. நான் ஓஃப் பண்றேன்," என்று றேமண்ட் எழுந்தான்.

அவன் கதவருகே வருமுன் அன்ரி குறுக்கே வந்து நின்றார். கைப்பிடியை முதுகால் மறைத்துக்கொண்டார். காலையிலிருந்து மெல்லவே பேசியவர், இப்போது கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி சொன்னார்.

"என்ர மகன் உள்ளுக்க இருக்கிறார். மூண்டு வருஷமா வெளியில வாறேல்லை. தன்னைப்போல ஆக்கள் இருக்கினம் எண்டு கேக்கட்டும் எண்டுதான், உங்களுக்கு வீட்டைத் தந்தனான்."