ஈரல் ரோலுக்கு ஒரு ரசிகர்

"நோலீனை இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பப் போறேன்" என்று என் கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்தார் ராஸ். "இந்தச் சிவப்புக் கட்டத்தைப் பாரு, ட்ரூடி. மானம் போகுது."

ராஸ் எங்கள் முதலாளி. ஆஸ்திரேலியாவில் வாகா வாகா நகரைச் சுற்றி ஐந்து ஊரில் பேக்கரி வைத்திருக்கிறார். ஈரலையும் அன்னாசியையும் சேர்த்து அடைத்த ரோல் ஒன்றை அவரே கண்டுபிடித்தார். அதன் ருசியைப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன். மாசம் பிறந்தால் சம்பளம் வேண்டும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு கடையும் திங்கட்கிழமை போன் போட்டுக் கணக்குச் சொல்லும். இப்போது ஐந்து கடை விற்பனையும், வாடிக்கையாளர் அட்டை விவரமும் டேட்டா வேர்ஹவுஸ் என்ற ஒரே தகவல் கிடங்கில் வந்து விழுகிறது. உருவாக்கியது நான்தான். கிடங்கு என்றதும் ராஸ் கேட்ட முதல் கேள்வி, "எலிக்கு மருந்து வெச்சாச்சா?"

நாலு ஊரில் அந்த ரோல் போகிறது. நோலீன் பார்த்துக்கொள்ளும் ட்யூமட் கடையில் மட்டும் ஒன்றுகூடப் போகவில்லை.

"ரோல் விக்காத கடையை சனிக்கிழமை பூட்டிடுவேன்னு சொன்னேன், பூட்டியும் பூட்டினேன். அந்த அம்மாவுக்கு வாரம் ஒரு நாள் கூலி போச்சு. அப்பவும் உறைக்கலையே."

"மத்த ஊர்ல யார் வாங்கறாங்கன்னு வேணா பார்க்கலாமா?" என்றேன். சும்மா இருந்திருக்கலாம்.

பார்த்தேன். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. "ராஸ், நாலு ஊர்லயும் வாங்கறது ஒரே அட்டை. எல்லாமே சனிக்கிழமை."

"ஒரே ஆளா?"

"ஒரே ஆள்தான். கடைக்குக் கடை தனிக் கணக்கா இருந்தப்போ நாலு பேர்னு நினைச்சோம்."

வேறு யாராக இருந்தாலும் இடிந்து போயிருப்பார்கள். ராஸ் பூரித்துப் போனார். "என் ரோலுக்காக ஊர் ஊரா காரை ஓட்டிக்கிட்டுப் போறாரா மனுஷன்?"

"ஒன்பது வாங்கினா பத்தாவது இலவசம்ல? இவர் ஒரு தடவைகூட அந்த இலவச ரோலை வாங்கிக்கல."

"அதான் பெரிய மனசுங்கறது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே துடைத்துக்கொண்டார்.

அந்த அட்டைக்கு உரிய பெயரைப் பார்க்க ராஸின் பாஸ்வேர்டு வேண்டும். "இரு, நோலீன் வந்துக்கிட்டிருக்காங்க. அவங்க முன்னாடியே திறக்கலாம். ருசி தெரிஞ்சவன் யாருன்னு பார்த்துட்டு வீட்டுக்குப் போகட்டும்."

நோலீன் வந்து கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். ராஸ் ரசிகரின் பெருமையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு பாஸ்வேர்டை அடித்தார்.

திரையில் வந்த பெயர்: நோலீன் டக்வொர்த், ட்யூமட்.

ராஸ் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு ஆசையாகக் கேட்டார். "அவ்வளவு பிடிக்குமா, நோலீன்?"

"என் கோழிங்ககூட மோந்து பார்த்துட்டுப் போயிடுச்சுங்க."

"அப்புறம் எதுக்கு வாங்கினீங்க?"

"ரோல் போகலைன்னா அந்த நாலு கடையையும் சனிக்கிழமை பூட்டிடுவீங்க. அங்க இருக்கற பொண்ணுங்க சனிக்கிழமைக் கூலியிலதான் வீட்டு வாடகை கட்டறாங்க. எனக்குத்தான் நீங்க லீவு குடுத்துட்டீங்களே, ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்."

ராஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. "ட்ரூடி, அந்த ரோலை லிஸ்ட்லேர்ந்து தூக்கிடு. ட்யூமட் கடையும் இந்த சனிக்கிழமையிலேர்ந்து திறக்கட்டும்."

நோலீன் எழுந்து கதவு வரை போய்விட்டார். ராஸுக்கு மனசு கேட்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. உங்க கடையிலயும் நாலு ரோல் வாங்கியிருந்தா உங்க கூலியும் நின்னிருக்காதே. ஏன் வாங்கலை?"

"என் கடையில சனிக்கிழமை வேலைக்கு நிக்கற ஆள் நான்தான், ராஸ். எனக்காக நானே வாங்கினா அது கள்ளக் கணக்கு இல்லையா?"