முதல் மடக்கு
நேமத்தான்பட்டித் தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில், முத்துவீரன் கண்ணாடித் தம்ளரை வெயிலுக்கு நேராகப் பிடிக்கிறார். மகன் லண்டனிலிருந்து கொண்டுவந்த இம்பீரியல் ஸ்டவுட் பீர். சூரியனே உள்ளே விழுந்தாலும் வழி தெரியாமல் தடுமாறும், அத்தனை கறுப்பு. மேலே கருப்பட்டி நிறத்தில் நுரை. வீட்டம்மாவுக்குப் பயந்து, வந்த இரண்டு பாட்டிலையும் சிநேகிதர் வீரபாண்டியனிடம் ஒளித்துவைத்தார். சேர்ந்துதான் திறப்பது என்று சத்தியம். ஒன்று கைதவறி உடைந்துவிட்டது என்று வீரபாண்டியன் சொன்னபோது மூன்று நாள் துக்கம் காத்தார். இப்போது தம்ளர் உதட்டைத் தொடுகிறது. “மெல்ல மாப்ள, மொத மடக்கு கசக்கும். முழுங்குனப்பெறகு வறுத்த காப்பிக்கொட்டை வாசம் தொண்டையில ஏறும் பாரு,” என்கிறார் வீரபாண்டியன். ஏறுகிறது, அச்சுப் பிசகாமல் அப்படியே ஏறுகிறது. “ஒடைஞ்ச பாட்டில்லயா இம்புட்டு ருசி பாத்த?” வீரபாண்டியன் வரப்பைப் பார்க்கிறார். அவருடைய தம்ளரையும் முத்துவீரன் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். இரண்டிலும் பீர் நிறைய இருக்கிறது. குடிக்கத்தான் மனம் வரவில்லை.