போகிறவளுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர்

"ஒப்பந்தம் முடிய இன்னும் எத்தனை மாசம் கெடக்கு. நடுவுல கெளம்புறேன்னா எப்படிடீ?"

நிப்ராஸ் கேட்கக் கேட்க ஷஹ்லா பெட்டிக்குள் துணியை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

பாக்தாத்தில் அந்த முதல்மாடி வீட்டுக்கு ஆளுக்குப் பாதி வாடகை. வீட்டுக்காரி உம் கஸ்வான் கறார் பேர்வழி. இரண்டு பேருக்கு மேல் ஒரு தலை கூடாது, தொட்டித் தண்ணீர் பத்தாது என்பாள். அதனால்தான், தெற்கே அமாராவில் வழுக்கி விழுந்து ஒண்டியாகக் கிடக்கும் அம்மாவைக்கூட நிப்ராஸால் கூட்டிவர முடியவில்லை. அம்மாவோடு போனில் பேசி முடித்ததும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

ஷஹ்லாவைப் போகச் சொல்லலாம். மனசு வரவில்லை. அவளுக்கென்று இருப்பது நாலு தெரு தள்ளி ஒரே ஒரு அண்ணன். அவன் வாசல்படியை இனி மிதிக்க மாட்டேன் என்று ஆணையிட்டுவிட்டு வந்தவள் அவள்.

அப்படித் தாங்கினவளைத்தான் இன்று ஷஹ்லா அம்போ என்று விட்டுப் போகிறாள்.

"எனக்குப் பதிலா ஆள் பார்த்துட்டேன். உம் கஸ்வானும் சரின்னுட்டா. நல்ல மனுஷி. கொஞ்சம் கொறட்டை விடுவா, அவ்வளவுதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேணாம்பே."

பயணம் போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கிண்ணம் தண்ணீர் கொட்டுவது அங்கே வழக்கம். போனவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று. ஷஹ்லா கதவருகே கொஞ்சம் நின்று பார்த்தாள்.

"ஒனக்குத் தண்ணி வேற ஊத்தணுமா?" நிப்ராஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "திரும்பி வந்துடாதே."

ஷஹ்லா இறங்கிப் போனாள். கீழே டாக்சிக் கதவு திறக்கிற சத்தம். கொஞ்சம் பொறுத்து, படியில் யாரோ நின்று நின்று ஏறிவரும் சத்தம். புது ஆளாக்கும் என்று நிப்ராஸ் வேண்டாவெறுப்பாகக் கதவைத் திறந்தாள்.

மூட்டையும் கையுமாக அம்மா.

"நான் வந்த கார்லயே அவ ஏறிக்கிட்டா. 'வாங்க சின்னம்மா, ஒங்க பென்ஷன்ல என் பாதியைக் கட்டிடலாம்'னு போன் பண்ணினா. எம்பொண்ணு ஏன் என்கிட்ட சொல்லலேன்னு கேட்டேன். 'அவ எங்க வாயைத் தொறக்கிறா, கொழாயைத்தான் தொறக்கிறா'ன்னா."

நிப்ராஸ் மூட்டையை வாங்கிக் கீழே வைத்தாள். "அவ எங்கம்மா தங்கப் போறா?"

"அண்ணன் வீட்டுலயாம்."

கைக்குக் கிடைத்த கிண்ணத்தில் தண்ணீரை மொண்டுகொண்டு பால்கனிக்கு ஓடினாள். தெருமுனை நெரிசலில் சிக்கி நின்ற டாக்சி திரும்புவதற்குள் வீசிக் கொட்டினாள். பாதி தெருவில் விழுந்தது. மீதி தக்காளி வண்டிக்கார அபூ ஹாதிம் தலையில்.

"யாரும்மா பயணம்? வெளிநாடா?" முகத்தைத் துடைத்தபடி அவர் அண்ணாந்து பார்த்தார்.

"ஷஹ்லா, மாமா. அவ அண்ணன் வீட்டுக்கு."

"நாலு தெரு தாண்டிப் போறதுக்கா தண்ணி?"

"அது ரொம்ப தூரம், மாமா."