பூப்போட்ட புதுத் துணி

மலாவியின் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் எட்டு மாதம் ஊழியம் செய்த திருநெல்வேலிக் குழு ஊர் திரும்பும் நாள் அது. வழியனுப்ப வந்த பெண்கள் எல்லோரும் பூப்போட்ட புதுத் துணி உடுத்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் ஞானாபரணத்துக்கு அது பிடிக்கவில்லை.

“இப்பிடி நின்னா நம்ம சபையில யாரு இரங்குவா? பத்திரிகைக்குப் படம் வேணும். கிழிஞ்சதை உடுத்திட்டு வரச் சொல்லும்மா” என்றார், அந்த ஊர்ப் பேச்சு தெரிந்த நர்ஸ் செல்வசீலியிடம்.

அவள் மலேரியாவில் கிடந்த பன்னிரண்டு நாளும் கஞ்சி ஊட்டிய தோக்கோ முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

“ஐயா, இதை நான் எந்த வாயால சொல்லுவேன்?”

“சொன்னதைச் சொல்லு. வண்டிக்கு நேரமாச்சு.”

மழுப்பிச் சொல்லி இவர் மானத்தை நான் ஏன் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது அவளுக்கு. ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னாள்.

பாட்டு நின்றது. தோக்கோ வீட்டுக்குள் போய் அடுப்படிக் கந்தலை எடுத்து வந்து, பாஸ்டரின் கோட்டின் மேல் போர்த்திவிட்டு ஏதோ சொன்னாள்.

“என்னம்மா சொல்லுதா?”

“இரக்கம் வேணும்னா நீங்களே உடுத்திட்டு நில்லுங்கன்னு சொல்லுதாங்க, ஐயா” என்ற செல்வசீலி, கேமராவைக் கையில் எடுத்தாள்.