நலமுள்ளோர் குழு

கண் எரிந்தது. காலையிலிருந்து அவள் பார்ப்பது ஒரே படம்.

திரையில் மூன்று நிறங்களில் கோடுகள். ஒரு கோடு, ஒரு மனிதர்; கோட்டின் உயரம், மூளையில் நினைவைக் காக்கிற ஒரு சின்னப் பகுதியின் அளவு. நான்கு ஆண்டுகளில் மூன்று முறை மூளையை ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்கள். மறதி நோய் முற்றியவர்கள் சிவப்பு. மறதி தொடங்கியவர்கள் மஞ்சள். நலமுள்ளவர்கள் பச்சை.

நலமுள்ளவர்களை வெளியே போய்த் தேடவில்லை. நோயாளிகளைக் கூட்டிவந்த கணவன், மனைவி, அக்கா, தம்பி. "சும்மாதான உக்காந்திருக்கீங்க, நீங்களும் வந்து படுங்க" என்று கூப்பிட்டு எடுத்தது.

சிவப்பு சரிந்தது. பச்சை கிட்டத்தட்ட நேராகப் போயிற்று.

ஒரு கோட்டைத் தவிர.

அந்த ஒன்றால் மொத்தக் கணக்கும் ஆடியது. ஆய்வுத் தலைவர் போனில் சொல்லிவிட்டார்: "அத எடுத்துட்டு கணக்க ஓட்டிப் பாரும்மா. மெஷின் கோளாறா இருக்கும்."

எடுத்தாள். கணக்கு அழகாக வந்தது.

சந்தோஷப்படத் தெம்பில்லை. அந்த மூன்று ஸ்கேன்களையும் திறந்தாள். கோளாறு எதுவும் இல்லை. நினைவைக் காக்கிற அந்தச் சின்னப் பகுதி, படத்துக்குப் படம் சுருங்கியிருந்தது.

அவளிடம் இருப்பது எண் மட்டும்தான். பெயர் டாக்டர் ரேச்சலிடம் இருக்கும். மாடியேறிப் போய்ச் சொன்னாள்.

அடுத்த வாரம் மாராத்தாள் வந்தார், கணவர் சென்னியப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு. சென்னியப்பன் சிவப்பு. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, வாயோரம் துடைத்துவிட்டு, "இவருக்கு என்னங்க?" என்று கேட்டார்.

இவருக்கு இல்லை, உங்களுக்கு என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

மாராத்தாள் அழவில்லை. கணவரின் சட்டையில் மாறிப் போட்டிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டார். பிறகு மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"நீதான கண்ணு கணக்குப் போடறவ? நான் இவர மறக்கறதுக்குள்ள இவரு போய்ச் சேந்துருவாரா?"

ஒரு குழு எப்படி இறங்கும் என்று அவளால் சொல்ல முடியும். ஒரு ஆள் எப்படி இறங்குவார் என்று சொல்ல அவளிடம் எதுவும் இல்லை.

"தெரியலீங்கம்மா."

மாராத்தாள் தலையை ஆட்டினார், கேட்ட சாமான் கடையில் இல்லை என்றால் ஆட்டுவதைப் போல.

அவர்கள் எழுந்து போன பிறகு, எடுத்த கோட்டைத் திரும்பச் சேர்த்தாள். பச்சையிலேயே. சேர்ந்த அன்று எந்தக் குழுவோ, கடைசிவரை அதே குழு. ஆய்வு தொடங்கும்போதே எழுதிக்கொண்ட விதி அது. கணக்கு மறுபடி ஆடியது. அப்படியே தலைவருக்கு அனுப்பினாள்.

தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள்.

இருவரும் இன்னும் லிஃப்ட் முன்னால்தான் நின்றிருந்தார்கள்.

லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. சென்னியப்பன் மாராத்தாளைப் பார்த்தார். மாராத்தாள் சென்னியப்பனைப் பார்த்தார். கதவு மூடிக்கொண்டது.

அவள் வேகமாக நடந்துபோய், கீழே கூட்டிப்போகக் கையை நீட்டினாள்.

யார் கையைப் பிடிப்பது என்று தெரியவில்லை.