மூன்றாவது கம்பி

"யாரைக் கேட்டு இதுல கை வெச்சீங்க?"

ப்ரூஃப் தாளை மேசைமேல் விசிறியடித்தார் ஆசிரியர். 'விடை தெரியாத மர்மங்கள்' தொடரை இருபது வருடமாக எழுதிப் பேர் வாங்கியவர். போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த பிழைதிருத்தும் பெண்மணி, சிவப்புப் பேனாவும் கையுமாக எதிரே நின்றார்.

"தப்பா இருந்தது சார். திருத்தினேன்."

"எழுத்துப்பிழை பார்க்கத்தான் உங்களுக்குச் சம்பளம்! கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்ததுன்னு நான் எழுதினா, அதை அடிச்சிட்டு 'வெளிப்பக்கம்'னு போடுறீங்க. உள்ளே தாழ், ஜன்னல் கம்பி ஒண்ணுகூடக் கழலலை, ஆனா அறையில இருந்த பொண்ணு மட்டும் மாயம்! இது அவ புருஷனே கண்ணீரும் கம்பலையுமா என்கிட்டச் சொன்னது. நீங்க என்னமோ கூட இருந்து பார்த்த மாதிரி..."

"தாழ் வெளியிலதான் சார். தினமும் போட்டதே அந்தப் புருஷன்தான். மூணாவது கம்பியைக் கரண்டிக் காம்பால ஒன்றரை மாசம் நோண்டிக் கழட்டினேன். வெளியே குதிச்சதும் அதைப் பழையபடி சொருகிட்டு ஓடினேன்."

ஆசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"நீங்களா? நீங்க எப்படி மாயமானீங்கன்னு இத்தனை வருஷமா ஊரே மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கேம்மா!"

பெண்மணி தாளை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினார்.

"எட்டு மாசம் உள்ளே கிடந்து கத்தினேன் சார். தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அப்ப மட்டும் ஏன் ஒருத்தருக்கும் மண்டை அரிக்கலை?"