ஒரே நபரா?

“சுப்பையன் மூஞ்சி ஒரு எடத்துலகூட வரக்கூடாது. சொல்லிப்போட்டேன்” என்றார் பாலுசாமி.

அப்பாவின் செல்போனைக் கையில் வைத்திருந்த ரித்திகா நிமிர்ந்து பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவில் மண்டபத்தில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். பெரிய திரையில் ஓட்டுவதற்குக் குடும்பப் படங்களைக் கோத்து வீடியோ செய்துகொண்டிருந்தாள்.

“ஏனுங்கப்பா? சுப்பையண்ணன் நம்ம தோட்டத்துலயே பொறந்து வளந்தவருதானுங்களே...”

“அண்ணன் என்ன அண்ணன்? பண்ணையத்துக்கு வர்றவனப் பேரச் சொல்லிக் கூப்புடு.”

ரித்திகா செல்போனுக்குக் குனிந்துகொண்டாள். கேட்க நினைப்பதில் பாதியை அவள் ஒருபோதும் கேட்டதில்லை.

ஆனால் காலையில் ஒரு வாக்கு கொடுத்துவிட்டாளே.

தென்னைக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த சுப்பையனை அவள் தன் செல்லில் படம் எடுத்தாள். அவர் அவசரமாகத் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“ஏனுங் சின்னம்மிணி, மண்டபத்துல ஓட்டற படத்துல நானும் ஒரு ஓரமா வருவனுங்களா?”

“வருவீங்க.”

“எம்பேத்திகிட்டச் சொல்லிப்போடறனுங்க. நம்பமாட்டேங்குது கழுத.”

இப்போது அந்தப் பேத்தி முகத்தில் எப்படி விழிப்பது?

அப்பாவின் செல்லைத் திறந்தாள். படங்களை முகம் முகமாகப் பிரித்து வட்டம் போட்டுக் காட்டும் செயலி. வட்டத்துக்கு அடியில் பேர் எழுதலாம் என்று போன வருடம் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அன்றிலிருந்து அப்பாவுக்கு அதுவே வேலை. அம்மாவுக்கு ‘ஊட்டுக்காரி’. ரித்திகாவுக்கு ‘அம்மிணி’. மாமாவுக்கு ‘பல்லடத்தான்’. வீட்டு நாய்க்கும் ஒரு வட்டம், ‘மணி’ என்று.

சுப்பையனுக்கு மட்டும் வட்டம் இல்லை.

நாயைவிடவா அவர் மட்டம்?

பழைய ஆல்பத்திலிருந்த, அப்பாவைப் பெற்ற அப்பாருவின் படங்களையும், காலையில் எடுத்த படங்களையும் அந்தச் செல்லில் ஏற்றினாள். சற்று நேரத்தில் திரையில் ஒரு கேள்வி வந்தது.

‘இவர்கள் ஒரே நபரா?’

ஒரு பக்கம் அப்பாரு, தன் அறுபதாம் கல்யாண மாலையோடு. இன்னொரு பக்கம் சுப்பையன், வாய்க்காலில் நின்றபடி.

சிரிப்பு வந்தது. ‘இல்லை’ என்று தொட்டாள்.

வேறு இரண்டு படங்களைக் காட்டி மறுபடியும் கேட்டது. ‘இல்லை.’

மூன்றாம் முறையும் கேட்டது. இந்தத் தடவை அவள் உற்றுப் பார்த்தாள். மூக்கு. மோவாயில் அந்தக் குழி. சிரிக்கும்போது ஒரு கண் மட்டும் இடுங்குவது.

சிரிப்பு நின்றுவிட்டது. ‘உறுதியாகத் தெரியவில்லை’ என்பதைத் தொட்டாள்.

“அப்பா, இந்த ஆப்புக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சாட்ட இருக்குதுங்க. நம்ம அப்பாருவையும் சுப்பையண்... சுப்பையனையும் ஒரே ஆளாங்குது.”

பட்டு வேட்டியை மடித்துக்கொண்டிருந்த பாலுசாமியின் கை நின்றது.

“மிசினுக்கு என்ன தெரியும்? இல்லைன்னு அமுத்து.”

“அமுத்துனனுங்க. மறுக்காவும் கேக்குதுங்க.”

“கேட்டாக் கேக்கட்டும். சொந்தபந்தம் அத்தன பேரும் பாக்கற படம். எங்கப்பனையும் அவனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா நாலு பேரு நாலு விதமா...” நிறுத்திக்கொண்டார். “அதெல்லாம் உனக்கு எதுக்கு? அந்த மூஞ்சிய மறைச்சுப்போடு. செட்டிங்ஸுக்குள்ள போனீன்னா வழி இருக்குது.”

அப்படி ஒரு வழி இருப்பது ரித்திகாவுக்கே தெரியாது. வாட்ஸப்பில் வந்த படத்தைச் சேமிக்கவே அவளைக் கூப்பிடுகிறவர் அப்பா.

“உங்களுக்கு யாருங்கப்பா சொல்லிக்குடுத்தாங்க?”

அவர் வேட்டியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்குப் போனார்.

“டேய் சுப்பையா! அங்க என்னடா பண்ற? மோட்டாரை நிறுத்துனியா இல்லியா?”

“நிறுத்திப்போட்டனுங்க. வாரனுங்க.”

அப்பாவைவிட மூத்தவர் சுப்பையன். அவருக்கு ‘டா’. இந்த மனுசனுக்கா ஊர்கூடி அறுபதாம் கல்யாணம் என்று ரித்திகாவுக்கு ஆத்திரமாக வந்தது. மறைக்காவிட்டால் அப்பா ஆடித் தீர்ப்பார். மறைத்தால் சுப்பையன் ஒன்றுமே கேட்கமாட்டார். இரண்டில் எது கொடுமை என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

செயலியின் செட்டிங்ஸுக்குள் தேடினாள். ‘மறைத்த முகங்கள்’ என்று இருந்தது. தொட்டாள்.

அங்கே ஏற்கெனவே ஒரே ஒரு வட்டம் இருந்தது. குழப்பத்தோடு அதைத் தொட்டதும் படங்கள் விரிந்தன.

வரப்பில் நடந்துபோகும் சுப்பையன். வேப்பமரத்தடியில் துண்டை விரித்துத் தூங்கும் சுப்பையன். கண் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கறுப்புக் கண்ணாடியோடு சுப்பையன். பொங்கலுக்குப் பொங்கல் மாட்டுக் கொம்புக்குச் சாயம் பூசும் சுப்பையன். எல்லாம் தூரத்திலிருந்தோ, ஜன்னல் வழியாகவோ, அவருக்கே தெரியாமல் எடுத்தவை. ஒன்றில்கூட அவர் துண்டை இடுப்பில் கட்டியிருக்கவில்லை.

ரித்திகா விரலால் தள்ளி உச்சிக்கு வந்தாள்.

அங்கே அப்பா தன் கையாலேயே பேர் எழுதி வைத்திருந்தார்:

‘அண்ணன்.’